பட்டவர் சொன்னால் பளிச்சென்று புரியும்

‘‘என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?’’

கல்யாணமாகி மூன்று மாதம் ஆனதும் நம் தஞ்சைப் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கேட்க ஆரம்பிக்கிற கேள்வி இது. ஒரு வருஷம் போனால் கேள்வி கிசுகிசுப்பாக மாறும். மூன்று வருஷம் போனால் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். கூடவே வளைகாப்புக்கு அழைப்பதையும் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் அந்தப் பெண் ஒரு பக்கம் கோயில் கோயிலாகவும், ஒரு பக்கம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைய ஆரம்பித்திருப்பாள்.

கோயிலில் அவளுக்குக் குழப்பமில்லை. பாபநாசத்துக்கு அருகில் இருக்கும் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய் மந்திரித்துத் தருகிறார்கள். எத்தனை நாள், எந்த நேரம், எவ்வளவு என்று அங்கே தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். 48 நாள், இரவில், கொஞ்சமாக. கணவன் மனைவி இருவருமே சாப்பிடுவது வழக்கம். படிக்காத பாட்டிகூட அதைக் கேட்டு வந்து வீட்டில் பிசகாமல் சொல்லிவிடுவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதோ கையில் ஒரு கட்டுக் காகிதம். ஏ.எம்.எச்., எச்.எஸ்.ஜி., ஐ.யு.ஐ., ஐ.வி.எஃப்., இக்ஸி என்று வரிசையாக எழுத்துக்கள். ‘‘டாக்டரம்மா என்ன சொன்னாங்க?’’ என்று மாமியார் கேட்டால், ‘‘என்னமோ ஊசி போடணுமாம்’’ என்பதுதான் பதில். அந்த ‘என்னமோ’வுக்காகத்தான் சம்பா அறுவடைப் பணம் போகிறது, தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போகிறது. சில வீடுகளில் ஒரு மா, இரண்டு மா நிலமும் போகிறது. எதற்குக் கொடுக்கிறோம், பலிக்க எவ்வளவு வாய்ப்பு என்பது மட்டும் தெரிவதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, சகோதரிகளே. சிகிச்சை செய்துகொண்ட பெண்களே, அது என்ன ஏது என்று எளிய பாஷையில் எழுதி, அடுத்து வருகிறவளுக்குக் கொடுப்பது. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். உலகத்தில் பல இடங்களில் பெண்கள் இதைச் செய்து பெரிய பலன் கண்டிருக்கிறார்கள்.

முதல் தாய்க்கே தெரியவில்லை

சோதனைக் குழாய் முறையில் உலகத்தில் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுன். 1978 ஜூலை 25ல் இங்கிலாந்தில் பிறந்தாள். அதே வருஷம் அக்டோபர் 3ல், டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தாவில் ‘துர்கா’ என்ற பெண் குழந்தை பிறந்தது. லூயிஸின் அம்மா லெஸ்லி பிரவுன் பணக்காரியும் இல்லை, பெரிய படிப்புப் படித்தவரும் இல்லை. கருக்குழாய் அடைப்பினால் ஒன்பது வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தவர். இந்த முறையில் அதற்கு முன் ஒரு குழந்தைகூடப் பிறந்ததில்லை என்பதே சிகிச்சையின்போது அவருக்குத் தெரியாதாம்! இதற்குள் நூற்றுக்கணக்கில் பிறந்திருக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டாராம். கேட்கவும் இல்லை. 1979ல் அவரும் கணவரும் சேர்ந்து தங்கள் அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டபோது இதை மறைக்காமல் எழுதினார்கள்.

உலகத்தில் முதன்முதலாக அந்தச் சிகிச்சையில் தாயானவருக்கே இந்த நிலை என்றால், பாபநாசத்திலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறிப் போகிற நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

அமெரிக்காவில் இதற்கும் முன்பே ஒரு பெண் துணிந்தார். பார்பரா எக் மென்னிங் என்பவர் தொழிலால் ஒரு நர்ஸ். அவருக்கும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தனக்கே இத்தனை குழப்பமும் தனிமையும் என்றால் மற்றவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று யோசித்தார். 1974ல் தன்னைப் போன்றவர்களைச் சேர்த்து ‘ரிசால்வ்’ என்று ஒரு சங்கம் தொடங்கினார். பட்ட கஷ்டத்தைப் பேசுவது, கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி மற்றவர்களுக்குக் கொடுப்பது, இவைதான் அதன் வேலை. இன்று அது அந்த நாடு முழுவதும் தெரிந்த அமைப்பு.

பாவாடை போட்ட படம்

‘அதெல்லாம் படித்த வெள்ளைக்காரப் பெண்கள் சமாச்சாரம்’ என்று தள்ளிவிடாதீர்கள். நம் ராஜஸ்தானத்தில் கிராமத்துப் பெண்கள் செய்தது அதைவிட அழகு.

1980களில் அங்கே பெண்கள் முன்னேற்றத் திட்டத்தில் இருந்த கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடி உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மாதவிலக்கு, கர்ப்பம், பிரசவம் என்று தாங்கள் தெரிந்துகொண்டதைப் படமும் எழுத்துமாக ஒரு புத்தகமாக்கினார்கள். ‘ஷரீர் கீ ஜான்காரி’, அதாவது ‘உடம்பைப் பற்றிய அறிவு’ என்று பெயர். முதலில் உடம்பைத் துணியில்லாமல் வரைந்து மற்றப் பெண்களிடம் காட்டியபோது எதிர்ப்பு வந்தது. ‘‘எங்க ஊர்ல யாரும் இப்படி நிக்கமாட்டாங்களே, இது எப்படி நிஜமாகும்?’’ என்ற மாதிரி கேட்டார்கள். உடனே படத்தை மாற்றினார்கள். படத்தில் பெண் பாவாடை கட்டிக்கொண்டு நிற்பாள்; பாவாடைக் காகிதத்தை மேலே தூக்கினால் உள்ளே உறுப்புகளின் படம் இருக்கும். மானமும் போகவில்லை, விஷயமும் மறையவில்லை!

1989ல் டெல்லியின் ‘காளி ஃபார் விமன்’ பதிப்பகம் அதை அச்சிட்டது. எழுதியவர்கள் சுமார் 75 பெண்கள். கிராமத்துப் பெண்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். யாருக்காக எழுதுகிறோமோ அவர்களிடமே காட்டித் திருத்தியதுதான் அதன் வெற்றி.

‘வைத்திய விஷயமெல்லாம் தமிழில் வராது’ என்றும் சிலர் சொல்வார்கள். நம் தஞ்சாவூர்க்காரர்கள் அப்படிச் சொல்லலாமோ? 1798லிருந்து 1832 வரை இருந்த சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் வைத்து வைத்தியம் வளர்த்தார். அந்த வைத்திய முறைகளைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ப் பாட்டாகவே எழுதவைத்தார். சரஸ்வதி மகால் நூல் நிலையம் பிற்காலத்தில் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று அவற்றை அச்சிட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் ஆங்கில வைத்தியத்தையே தமிழில் கற்றுக்கொடுத்தார். 1857லேயே அவர் தமிழில் பிரசவ வைத்திய நூல் கொண்டுவந்துவிட்டார். தமிழுக்கு முடியும். நமக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் வரவில்லை.

நாற்பது பக்க நோட்டு

என் நாத்தனார் மகளுக்குத் துணையாக இரண்டு வருஷம் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போய்வந்தேன். ஊர், பேர் வேண்டாம். முதல் தடவையே பத்துப் பன்னிரண்டு பக்கம் ஆங்கிலக் காகிதத்தை நீட்டி, ‘‘இங்க, இங்க, இங்க கையெழுத்துப் போடுங்க’’ என்றார்கள்.

‘‘இதுல என்னம்மா எழுதியிருக்கு?’’

‘‘எல்லாருக்கும் இருக்கிறதுதாங்க.’’

அவ்வளவுதான் விளக்கம். மீதியை நாங்கள் தெரிந்துகொண்டது காத்திருக்கும் கூடத்தில்தான். மூன்றாவது முறையாக வந்திருந்த திருவையாற்றுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ‘‘பயப்படாதீங்க அக்கா, முட்டை எடுக்கறப்ப மயக்கம் குடுத்துடுவாங்க. ஊசி போடற பத்து நாள்தான் வயிறு உப்பிக்கிட்டுக் கஷ்டமா இருக்கும்’’ என்று சொன்னபோதுதான் என் நாத்தனார் மகள் முகத்தில் ரத்தம் வந்தது. ‘‘அத்தை, இதையெல்லாம் யாராவது எழுதி வச்சா என்ன?’’ என்றாள். அவளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். நான்கு பெண்கள் சேர்ந்து எழுதினார்கள். அறிமுகமான ஒரு டாக்டரம்மாவிடம் காட்டித் தப்பைத் திருத்திக்கொண்டார்கள்.

நால்வரும் வயல்காட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் விளக்கமும் வயலிலிருந்தே வந்தது. உங்களுக்கும் பயன்படும் என்று அதிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

* கருக்குழாய்ப் படம் (எச்.எஸ்.ஜி.): வாய்க்காலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதுபோல. கர்ப்பப்பை வழியாக மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். மாதவிலக்கு நின்ற சில நாட்களுக்குள் செய்வது. மாதவிலக்கு வலி போல இழுத்துப் பிடிக்கும். பெரும்பாலும் சீக்கிரமே அடங்கிவிடும்.

* ஏ.எம்.எச்.: பத்தாயத்தில் எவ்வளவு விதை நெல் மிச்சம் என்று தோராயமாகச் சொல்லும் இரத்தப் பரிசோதனை. விதையின் தரத்தைச் சொல்லாது. இது குறைவாக இருப்பதால் மட்டும் இயற்கையாகக் கருத்தரிக்காது என்று அர்த்தமில்லை.

* ஐ.யு.ஐ.: விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதரை நீக்குகிறோம் அல்லவா? அதுபோல விந்துவைச் சுத்தம் செய்து, துடிப்பான அணுக்களைப் பிரித்து, முட்டை வெளிவரும் சமயம் பார்த்துக் கர்ப்பப்பையில் விடுவது. மயக்க மருந்து வேண்டாம்.

* ஐ.வி.எஃப்.: நாற்றங்கால் விட்டு நடுவது. பத்து நாள் போல ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் உயிரணுவோடு சேர்த்து, மூன்றிலிருந்து ஐந்து நாள் வளர்த்து, பிறகு கர்ப்பப்பையில் வைப்பது. நாற்றங்காலில் விட்டதெல்லாம் முளைப்பதில்லை. நட்டதெல்லாம் வேர் பிடிப்பதில்லை.

* இக்ஸி: ஒரே ஓர் உயிரணுவை எடுத்து ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது. உயிரணு மிகக் குறைவாக இருந்தால் உதவும்.

ஐ.வி.எஃப். பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு. ஊசிக்குப் பிறகு வயிறு பெரிதாக வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது. மிக அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொரு குறிப்பு மாமியார்களுக்கு. கரு வைத்த பிறகு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால்தான் தங்கும் என்பது சரியல்ல. சாதாரணமாக நடமாடலாம் என்றுதான் ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

விதையைப் பார்க்காமல் நிலத்தைத் திட்டலாமா?

நோட்டின் முதல் பக்கத்தில் அவர்கள் எழுதியது என்ன தெரியுமா? ‘முதலில் இருவருக்கும் பரிசோதனை.’

விதை முளைக்கவில்லை என்றால் நம் ஊர் விவசாயி நிலத்தை மட்டும் திட்டுவாரா? விதையின் முளைப்புத் திறனையும் பார்க்கமாட்டாரா? ஆனால் குழந்தை விஷயத்தில் மட்டும் எல்லாப் பரிசோதனையும் பெண்ணுக்கு. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனையோ வலி இல்லாதது, செலவும் குறைவு. இரண்டிலிருந்து ஏழு நாள் சேராமல் இருந்து கொடுக்க வேண்டும். உயிரணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். எனவே ஒரு தடவை குறைவாக வந்தால் இடிந்துபோக வேண்டாம். சில வாரம் பொறுத்து மறுபடி பார்க்கலாம். புகையிலை, குட்கா, குடி, உடம்பை முறுக்கேற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசி எல்லாமே உயிரணுவைக் கெடுக்கும். ‘‘எனக்கென்ன டெஸ்ட்?’’ என்று மீசையை முறுக்குகிற மாப்பிள்ளைகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

எப்போது டாக்டரிடம் போவது என்பதும் அதில் இருந்தது. சேர்ந்து வாழ்ந்து ஒரு வருஷம் ஆகியும் தங்கவில்லை என்றால் போகலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில் போகவேண்டும். மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம். முதல் கட்டப் பரிசோதனைகளுக்கு நம் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி போன்ற அரசு மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். 2024ல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசாங்கமே கருத்தரிப்பு மையம் திறந்திருக்கிறது. கருத்தரிக்க நினைக்கும்போதே ஃபோலிக் அமில மாத்திரை தினம் 400 மைக்ரோகிராம் ஆரம்பிப்பது, தைராய்டும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது, இவை எல்லோருக்கும் பொருந்தும்.

‘வெற்றி’ என்றால் எது?

சுவரிலும் பஸ்ஸிலும் ‘அதிக வெற்றி விகிதம்’ என்று விளம்பரம் பார்க்கிறோம். எதை வெற்றி என்கிறார்கள்? இரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வருவதா? ஸ்கேனில் இதயத் துடிப்புத் தெரிவதா? குழந்தையைக் கையில் ஏந்தி வீட்டுக்கு வருவதா? நமக்கு வேண்டியது மூன்றாவதுதான். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

பிரிட்டனில் அரசாங்கமே இந்தக் கணக்கை வெளியிடுகிறது. 2019ல் அங்கே 35 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு வைத்த கருக்களில் நூற்றுக்கு 32 குழந்தையாகப் பிறந்தன. 43 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, சொந்த முட்டையில், நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இளம் வயதிலேயே மூன்றில் இரண்டு பங்கு பலிக்காமல் போகிறது. பலிக்காதது அந்தப் பெண் செய்த பாவமில்லை. மாடிப்படி ஏறியதாலும் இல்லை, பப்பாளி தின்றதாலும் இல்லை.

ஆகவே டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி இது: ‘‘என் வயசுல இருக்கிற நூறு பேர் இங்க சிகிச்சை ஆரம்பிச்சா, எத்தனை பேர் குழந்தையோட வீட்டுக்குப் போறாங்க?’’ அடுத்த கேள்வி: ‘‘மருந்து, ஊசி, ஸ்கேன், உறைய வைக்கிற செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பலிக்கலைன்னா மறுபடி எவ்வளவு?’’

கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். அது சட்டம் கொடுத்த உரிமை. 2021ல் வந்த செயற்கை முறைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சிகிச்சை மையம் பதிவு பெற்றிருக்கவேண்டும். பலிக்கும் வாய்ப்பு, நன்மை தீமை, செலவு, பக்க விளைவு, இரட்டைக் கர்ப்ப ஆபத்து எல்லாவற்றையும் தம்பதிக்குச் சொல்லவேண்டும். எழுத்து மூலம் சம்மதம் வாங்காமல் எதையும் செய்யக்கூடாது. கையெழுத்துப் போட்ட பிறகும், கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன்புவரை வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. குறை சொல்ல ஒரு பிரிவும் அங்கேயே இருக்கவேண்டும். பெண்ணுக்கு 21லிருந்து 50 வயது, ஆணுக்கு 21லிருந்து 55 வயதுவரைதான் இந்தச் சிகிச்சை. ஆண் குழந்தையாகப் பார்த்து வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் அது குற்றம்.

நீங்களும் எழுதலாம்

உங்கள் ஊரில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மூன்று பேர் இருந்தால் போதும். ஓய்ந்த மத்தியான வேளையில் ஒரு திண்ணையில் உட்காருங்கள். முதல் நாள் உங்களுக்கு என்னென்ன சந்தேகம் வந்ததோ அதையெல்லாம் கேள்வியாக எழுதுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்ட கேள்விகளை முதலில் எழுதுங்கள். எங்கே வலித்தது, எத்தனை நாள் லீவு போடவேண்டி வந்தது, பஸ்ஸில் போகலாமா, சமைக்கலாமா என்பதெல்லாம் பட்டவருக்குத்தான் தெரியும். டாக்டருக்குச் சொல்லத் தோன்றாது.

எழுதியதை ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னால் பாஸ். தடுமாறினால் தப்பு அவரிடமில்லை, நம் எழுத்தில்தான். பிறகு கட்டாயம் ஒரு டாக்டரிடமோ அனுபவமுள்ள நர்ஸிடமோ காட்டுங்கள். எந்த வருஷம் எழுதியது என்று தேதி போடுங்கள். சிகிச்சை முறைகள் மாறிக்கொண்டே இருக்கும். யார் பெயரும் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்கும் விளம்பரம் வேண்டாம். மாத்திரை பெயர், அளவு எழுதவே வேண்டாம். ஒருத்திக்குக் கொடுத்தது இன்னொருத்திக்கு ஆகாது. பலிக்காதவர்களின் அனுபவத்தை விட்டுவிடாதீர்கள். அதுதான் மிக முக்கியம்.

என் நாத்தனார் மகளோடு நோட்டு எழுதிய நால்வரில் இரண்டு பேருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அவளுக்கு இல்லை. இரண்டு முறை செய்தாள். மூன்றாவதற்கு நிலத்தை விற்கலாம் என்று பேச்சு வந்தபோது, நோட்டில் எழுதியிருந்த கணக்கைக் கணவர் முன்னால் விரித்துவைத்து, ‘‘போதுங்க, இதோட நிறுத்திக்கலாம்’’ என்றாள். அவரும் யோசித்து ஒப்புக்கொண்டார். இப்போது சட்டப்படி தத்து எடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ‘‘இல்லைங்கிறதுகூடப் புரிஞ்சிட்டா தாங்கிக்கலாம் அத்தை. புரியாமத்தான் தூக்கமே வரல’’ என்றாள் என்னிடம்.

2023ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவருக்கு இந்தப் பிரச்னை வருகிறது. அப்படியானால் உங்கள் தெருவிலும் யாராவது இருப்பார்கள். வளைகாப்புக்கு அழைக்காமல் ஒதுக்குவதை விட்டு, அவள் கையில் விஷயம் தெரிந்த நான்கு பக்கத்தைக் கொடுங்கள். ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்பதற்குப் பதில், ‘‘டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு சேர்ந்து எழுதிக்கலாம், வா’’ என்று கூப்பிடுங்கள்.